ஏலமலைச் சரிவில் ஒரு ஸ்டூடியோ: ‘மகேஷிண்டே பிரதிகாரம்’, ‘நிமிர்’ படங்களில் புகைப்படத் தொழில்

‘மகேஷிண்டே பிரதிகாரம்’ 2016 பிப்ரவரி 5 அன்று வெளியான மலையாளத் திரைப்படம். இடுக்கி மாவட்டத்தில் பிரகாஷ் என்னும் சிற்றூரில் ஸ்டூடியோ நடத்தும் ஒரு புகைப்படக்காரரின் கதை இது. இதன் தமிழ் வடிவமான ‘நிமிர்’ 2018 ஜனவரியில் வெளியானது. இரு படங்களும் பழிவாங்கும் கதைகளாகவும் நகைச்சுவைப் படங்களாகவுமே பெரும்பாலும் பேசப்படுகின்றன. கதைநாயகன் செய்யும் தொழில் பின்னணி விவரமாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆனால் கதையின் முக்கியத் திருப்பங்களில் ஒன்று அந்தத் தொழிலுக்குள்தான் நிகழ்கிறது. ஆகவே இக்கட்டுரை தொழிலை மையத்தில் வைத்து இரு படங்களையும் மதிப்பிடுகிறது. ஏலமலையின் கிழக்கு அடிவாரமான போடிநாயக்கனூரிலும் அதன் மலைச்சரிவுகளிலும் இத்தொழில் நடக்கும் விதம் இங்கே அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

படங்களும் கதையும்

‘மகேஷிண்டே பிரதிகாரம்’ திலீஷ் போத்தன் இயக்கிய முதல் படம். திரைக்கதை சியாம் புஷ்கரன். ஒளிப்பதிவு ஷைஜு காலித். இசை பிஜிபால். தயாரிப்பு ஆஷிக் அபு. மகேஷாக ஃபகத் ஃபாசில் நடித்தார். 64ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த மலையாளப் படம், சிறந்த அசல் திரைக்கதை ஆகிய இரு விருதுகளை இப்படம் பெற்றது.

மகேஷ், தந்தை வின்சென்டிடமிருந்து வந்த ‘பாவனா ஸ்டூடியோ’வை நடத்துகிறான். பாஸ்போர்ட் படம், திருமணம், இறப்பு வீடு எனக் கிடைக்கும் வேலைகளைச் செய்கிறான். பக்கத்துக் கடைக்காரர் பேபியும் அவரிடம் வேலைக்கு வரும் கிறிஸ்பினும் அவனுடைய உலகம். காதலித்த பெண் வெளிநாட்டு மாப்பிள்ளையை மணந்துகொண்டு போகிறாள். சின்னச் சின்ன நிகழ்வுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வந்து கடைத்தெருவில் ஒரு சண்டையாக முடிகின்றன. அதை விலக்கப் போன மகேஷ், ஜிம்சன் என்பவனிடம் எல்லார் முன்னிலையிலும் அடி வாங்குகிறான். திருப்பி அடிக்கும் வரை செருப்பு அணிவதில்லை என்று சபதம் செய்கிறான். ஜிம்சனோ துபாய்க்குப் போய்விடுகிறான். பிறகு ஸ்டூடியோவுக்குப் படம் எடுக்க வரும் ஜிம்சி என்ற பெண்ணை மகேஷ் விரும்புகிறான். அவள் ஜிம்சனின் தங்கை என்பது பின்னர் தெரிகிறது.

‘நிமிர்’ படத்தைப் பிரியதர்ஷன் இயக்கினார். உதயநிதி ஸ்டாலின் புகைப்படக்காரராகவும், ‘முள்ளும் மலரும்’, ‘உதிரிப்பூக்கள்’ படங்களை இயக்கிய மகேந்திரன் அவருடைய தந்தையாகவும் நடித்தனர். நமிதா பிரமோத், பார்வதி நாயர், எம்.எஸ்.பாஸ்கர், சமுத்திரக்கனி ஆகியோரும் நடித்தனர். கதைக்களம் தென்காசிப் பக்கத்துக்கு மாற்றப்பட்டது. மூலக்கதையின் முக்கியத் திருப்பங்கள் அப்படியே தொடர்ந்தன.

களம்: மலையின் இரு பக்கங்கள்

போடிநாயக்கனூர் தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள நகராட்சி. இங்கிருந்து கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, சுமார் 1,400 மீட்டர் உயரத்திலுள்ள போடிமெட்டை அடைகிறது. சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளம். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம் என்று ஏலத்தோட்டங்களின் ஊடே சாலை போகிறது. பிரகாஷ் ஊர் அதற்கும் மேற்கே, அதே இடுக்கி மலைகளில் இருக்கிறது.

எல்லைக்கோடு இரண்டு மாநிலங்களாகப் பிரித்தாலும் பிழைப்பு இரு பக்கத்துக்கும் பொதுவானது. ஏலக்காய் பெரும்பாலும் மலைமேல் விளைகிறது. அதை வாங்கி விற்கும் வியாபாரிகள் பலர் போடியில் இருக்கிறார்கள். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் இடுக்கி மாவட்டத்தின் புற்றடியிலும் நடக்கிறது. போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து தோட்டத் தொழிலாளர்கள் விடிகாலையில் ஜீப்புகளில் ஏறி மலைக்குப் போய் மாலையில் திரும்புகிறார்கள். தமிழும் மலையாளமும் இரு பக்கக் கடைத்தெருக்களிலும் புழங்குகின்றன. மகேஷின் ஸ்டூடியோவும் போடியின் ஒரு ஸ்டூடியோவும் அக்கா தங்கை போன்றவை என்று சொல்லலாம்.

மலையின் ஈரம் இத்தொழிலுக்குத் தனிச் சிக்கல். ஈரப்பதத்தால் லென்சுக்குள் பூஞ்சை படரும். அதனால் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு மூடிய பெட்டியில் கேமராவை வைக்க வேண்டும். குளிர்ந்த மேட்டிலிருந்து வெப்பமான அடிவாரத்துக்கு இறங்கியதும் லென்சின் மேல் நீர் படியும். அது காயும் வரை படம் எடுக்க முடியாது. காலையில் மேலே ஒரு வீட்டுத் திருமணமும் மாலையில் கீழே மண்டபத்தில் வரவேற்பும் என்றால், இந்தச் சில நிமிடங்களையும் கணக்கில் வைத்துத்தான் புறப்பட வேண்டும்.

தொழில் நடக்கும் விதம்

சிற்றூர்ப் புகைப்படக்காரரின் ஆண்டு, முகூர்த்த நாட்களால் ஆனது. ஆடியிலும் மார்கழியிலும் திருமணங்கள் இல்லை. தை, வைகாசி, ஆவணி மாதங்களில் ஒரே நாளில் நான்கு வீட்டார் அழைப்பார்கள். திருமணம் தவிர காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா, வளைகாப்பு, புதுமனை புகுவிழா, கோயில் திருவிழா, பள்ளி ஆண்டுவிழா ஆகியவை உண்டு. ஏலக்காய் விலையும் இந்தக் கணக்கில் சேரும். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போன விலை, அடுத்த சில ஆண்டுகளில் சராசரியாக 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. தோட்டத்தை நம்பிய ஊரில் இந்த ஏற்றஇறக்கம் ஆல்பத்தின் பக்கங்களை எண்ணும்போதும் தெரியும். 2020இல் கொரோனா கட்டுப்பாட்டால் திருமணங்களுக்கு 50 பேர் வரையே அனுமதி என்றானபோது, நிகழ்ச்சியை நம்பிய புகைப்படக்காரர்களின் ஒரு பருவமே போயிற்று.

நிகழ்ச்சிப் படம் எடுப்பவருக்கு ஒளியைப் பற்றிய அறிவு மட்டும் போதாது. உறவுமுறையும் தெரிந்திருக்க வேண்டும். மேடைக்கு யாரை முதலில் அழைப்பது, தாய்மாமன் சீர் கொண்டுவரும்போது எங்கே நிற்பது, கோபித்துக்கொண்டு பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் சித்தப்பாவை எப்படிப் படத்துக்குள் கொண்டுவருவது என்பதெல்லாம் வேலையின் பகுதி. தாலி கட்டும் நொடி ஒருமுறைதான் வரும். அந்த நேரத்தில் ஃபிளாஷ் வேலை செய்யவில்லை என்றால் எவ்வளவு மன்னிப்புக் கேட்டாலும் ஈடாகாது. 36 படம் மட்டுமே எடுக்க முடிந்த படச்சுருள் காலத்தில் ஒவ்வொரு சொடுக்கும் காசு. இன்று ஒரே திருமணத்தில் ஆயிரக்கணக்கில் எடுக்கலாம். ஆனால் அவற்றில் நூற்றுச் சொச்சத்தைத் தேர்ந்தெடுத்து, நிறம் திருத்தி, ஆல்பமாக்கும் உழைப்பு கணினி முன்னால் இரவுகளில் நடக்கிறது. வீட்டார் பார்ப்பது மண்டபத்தில் நிற்கும் புகைப்படக்காரரை. அவர் வாங்கும் கூலியில் பாதி இந்தக் கண்ணுக்குத் தெரியாத இரவு வேலைக்கானது.

போடி போன்ற வணிக ஊரில் விளம்பரப் படமும் எடுக்கத் தேவை உண்டு. பொட்டலத்தின் மேல் அச்சிட ஏலக்காயைப் படம் எடுப்பது எளிதாகத் தோன்றும். ஏலக்காயின் மதிப்பு அதன் பருமனையும் பச்சை நிறத்தையும் பொறுத்தது. 7 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள பச்சைக் காய் உயர்ந்த தரம். விளக்கின் மஞ்சளைத் திருத்தாமல் எடுத்தால் நல்ல காயும் வெளிறிப் பழசாகத் தெரியும். கணினியில் பச்சையைக் கூட்டினால் பழைய காயும் புதிதாகத் தெரியும். முதலாவது தொழில் தெரியாமை. இரண்டாவது வாங்குபவரை ஏமாற்றுவது. இடையில் இருக்கும் நேர்மையான நிறத்தைப் பிடிப்பதுதான் வணிகப் புகைப்படக்காரரின் வேலை. கேமராவுக்குப் பின்னால் இருப்பவரிடம் ஊர் எதிர்பார்ப்பது திறமையையும் நாணயத்தையும் சேர்த்துத்தான்.

படம் சரியாகக் காட்டுவது

‘மகேஷிண்டே பிரதிகாரம்’ இந்தத் தொழிலின் தினசரித் தன்மையை நன்றாகக் கண்டிருக்கிறது. பாஸ்போர்ட் படத்துக்கு வருபவரின் முகவாயைச் சற்றே ஏற்றச் சொல்லி, பிறகு இறக்கச் சொல்லி, கண்ணைத் திறக்கச் சொல்லும் மகேஷின் கட்டளைகள் அரங்கில் சிரிப்பை வரவழைத்தன. சிரிப்புக்குக் காரணம், எல்லாரும் ஒருமுறையாவது அந்த முக்காலியில் உட்கார்ந்து அப்படிக் கழுத்தை ஆட்டியிருக்கிறோம் என்பது. புகைப்படக்காரர் ஊரிலுள்ள ஒவ்வொரு முகத்தையும் அறிந்தவர். அதே நேரத்தில் எந்த வீட்டு விசேஷத்திலும் விருந்தாளி அல்லாதவர். எல்லாருடைய மகிழ்ச்சியிலும் துக்கத்திலும் அருகே நிற்கிறார், எதிலும் பங்கில்லாமல். மகேஷின் தனிமைக்குப் படம் நீண்ட வசனம் எதையும் வைக்கவில்லை. அவனுடைய வேலையைக் காட்டினாலே அது புரிந்துவிடுகிறது.

அடிபட்ட அவமானம் அவனுக்கு ஏன் அத்தனை பெரிதாகிறது என்பதற்கும் தொழிலிலேயே விடை இருக்கிறது. ஊரார் முகத்தைப் பார்த்து நிமிர்ந்து உட்காருங்கள் என்று சொல்பவன் அவன். அந்த ஊரார் முன்னால் அவன் மண்ணில் கிடக்கிறான். மறுநாள் கடை திறந்து அதே முகங்களிடம் அதே சொல்லைச் சொல்ல வேண்டும். திரைக்கதை இதைச் சொல்லாமல் உணர்த்துகிறது. விருதுக்குத் தகுதியான எழுத்து என்பதற்கு இதுவே போதிய சான்று.

தொழிலா, கலையா

படத்தின் நடுப்பகுதியில் ஜிம்சி ஸ்டூடியோவுக்கு வருகிறாள். பத்திரிகைக்கு அனுப்ப நல்ல படம் வேண்டும் என்கிறாள். மகேஷ் பாஸ்போர்ட் படத்துக்குச் சொல்லும் அதே முறையில் அவளையும் உட்கார வைக்கிறான். படம் நன்றாக இல்லை. உனக்கு இந்த வேலை தெரியாது என்ற பொருளில் சொல்லிவிட்டு அவள் போகிறாள். அடியைவிட இந்தச் சொல் அவனை ஆழமாகத் தைக்கிறது. அவன் தந்தையிடம் போகிறான். புகைப்படக்கலையை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது, தானாகக் கற்றுக்கொள்ளத்தான் முடியும் என்ற கருத்தை வின்சென்ட் உணர்த்துகிறார். மகேஷ் கேமராவுடன் வெளியே இறங்குகிறான். மரம், மழை, மனிதர் என்று முதன்முறையாகப் பார்க்கத் தொடங்குகிறான்.

காட்சிகளாக இவை அழகானவை. ஆனால் இவற்றுக்குள் ஒரு தரவரிசை ஒளிந்திருக்கிறது. ஸ்டூடியோவுக்குள் எடுப்பது வெறும் பிழைப்பு, வெளியே எடுப்பது கலை என்பது அந்த வரிசை. மகேஷின் வளர்ச்சி முக்காலியிலிருந்து விலகிப் போவதாகவே காட்டப்படுகிறது. முக்காலியில் உட்கார்ந்தவரையே இன்னும் கூர்ந்து பார்க்க அவன் கற்றுக்கொண்டானா என்று படம் கேட்பதில்லை.

உலக அனுபவம் வேறொன்றைச் சொல்கிறது. அமெரிக்காவின் அர்கன்சா மாநிலத்தில் ஹீபர் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் ஸ்டூடியோ நடத்தியவர் மைக் டிஸ்ஃபார்மர். 1959இல் இறந்தார். உழவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் சில காசு கொடுத்து எடுத்துக்கொண்ட சாதாரணப் படங்கள்தான் அவருடைய வாழ்நாள் வேலை. அவர் இறந்த பின் கிடைத்த கண்ணாடித் தகடுகளிலிருந்து 1976இல் ஒரு நூல் வந்தது. அந்தக் கூலிப் படங்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுத் தலைநகர் பமாகோவில் ஸ்டூடியோ நடத்தி, இளைஞர்களின் விருந்துகளுக்குப் போய்ப் படம் எடுத்துப் பிழைத்தவர் மாலிக் சிடிபே. 2007 வெனிஸ் கலைக்காட்சியில் அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் வழங்கப்பட்டது. இருவரும் தொழிலைவிட்டு வெளியே போய்க் கலைஞர்கள் ஆகவில்லை. தங்களிடம் வந்தவரைச் சரியாகப் பார்த்தார்கள்.

தமிழகத்திலும் பழைய ஸ்டூடியோப் படங்களின் மதிப்பு உணரப்பட்டுள்ளது. பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டமொன்றின் உதவியுடன், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் சார்ந்த ஆய்வாளர்கள் தமிழ்க் குடும்பங்களின் ஸ்டூடியோப் படங்களைத் தேடி எண்முறையில் பதிவு செய்துள்ளனர். நகரம் தோறும் ஸ்டூடியோக்கள் மூடப்பட்டு, இடம் அடைக்கிறது என்று நெகட்டிவ்கள் குப்பைக்குப் போன காலத்தில் இது நடந்த பணி.

ஏலமலைச் சரிவில் இந்த மதிப்பு இன்னும் நெருக்கமானது. தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் ஒரு பெண்ணுக்குத் தனியாக எடுத்த படம் என்று ஒன்று பல நேரங்களில் இருப்பதில்லை. வங்கிக் கணக்குக்கோ அடையாள அட்டைக்கோ எடுத்த பாஸ்போர்ட் படம் ஒன்று இருக்கும். அவர் இறந்தால் அந்தப் படத்தைக் கொண்டு வருவார்கள். அதுவும் கிடைக்காதபோது யாருடைய திருமணத்திலோ எடுத்த குழுப் படத்தில் மூன்றாம் வரிசையில் நிற்கும் முகத்தைப் பெரிதாக்கி, அருகில் நிற்பவரின் தோளை நீக்கி, பின்னணி மாற்றிக் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் தயாரிக்க வேண்டும். சுவரில் மாலையோடு தொங்கப்போவதும் அதே முகம்தான். முகவாயைச் சற்றே ஏற்றச் சொன்ன அந்த அரை நிமிடக் கவனம் ஒரு குடும்பத்தின் நினைவாக மாறிவிடுகிறது. பாஸ்போர்ட் படத்தைக் கேலிக்குரிய தொடக்கமாக மட்டும் வைத்தது திரைக்கதையின் குறை. துக்க வீட்டிலும் படம் எடுக்கும் மகேஷை அது காட்டியிருப்பதால் இக்குறை இன்னும் கூடுதலாகத் தெரிகிறது.

கேட்காமல் எடுத்த படம்

மகேஷ் கலைஞன் ஆகிவிட்டான் என்பதற்குச் சான்றாகக் கதை வைப்பது ஒரு படத்தை. ஜிம்சி தன் போக்கில் இருக்கும்போது அவளுக்குத் தெரியாமல் எடுக்கிறான். அது பத்திரிகையில் அச்சாகிறது. அதைப் பார்த்து அவள் மகிழ்கிறாள். காதல் பிறக்கிறது.

அவள் பத்திரிகையில் வர விரும்பியவள், ஆகவே இதில் தவறில்லை என்று சொல்லலாம். கதைக்குள் அந்த நியாயம் செல்லும். ஆனால் அவள் கேட்டது, தான் உட்கார்ந்து, தான் பார்த்து, தான் சம்மதித்து அனுப்பும் படம். எந்தப் படம் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவளிடமிருந்து மகேஷின் கைக்கு மாறிவிட்டது. அவளுக்குப் பிடித்துப்போனதால் கதை தப்பித்தது. பிடிக்காமல் போயிருந்தால்?

இந்திய பதிப்புரிமைச் சட்டம், 1957 இங்கே கவனிக்கத் தக்கது. அதன் 17ஆவது பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். அதாவது ஸ்டூடியோவில் ஜிம்சி பணம் கொடுத்து எடுத்துக்கொண்டிருந்தால் அந்தப் படம் அவளுடையது. தெருவில் மகேஷ் தானாக எடுத்த படமோ அவனுடையது. கதையில் கேலிக்குள்ளாகும் ஸ்டூடியோ முறையே எதிரில் இருப்பவருக்கு அதிக உரிமை தருகிறது. கலை என்று உயர்த்தப்படும் முறையில் அவளுக்கு ஒரு பங்கும் இல்லை.

சிறு ஊரில் இது ஏட்டுச் சட்டம் அல்ல. திருமணம் பேச ஜாதகத்தோடு கொடுக்கும் பெண்ணின் படம், நீராட்டு விழாவில் எடுத்த சிறுமியின் படம், உறவினர் மட்டும் இருக்கும் அறையில் எடுத்த படம் எல்லாம் ஸ்டூடியோக்காரரின் கணினியில் இருக்கின்றன. அவர் ஒன்றை வெளியே விட்டால் ஒரு பெண்ணின் வாழ்க்கை ஊர்ப் பேச்சாகிவிடும். விடமாட்டார் என்று நம்பித்தான் வீட்டுக்குள் அழைக்கிறார்கள். தம் ஸ்டூடியோவின் பெயரை விளம்பரப்படுத்த மணமக்கள் படத்தைச் சமூக ஊடகத்தில் போடும் வழக்கம் பெருகியிருக்கும் இன்று, கேட்டுவிட்டுப் போடுவதா, போட்டபின் சொல்வதா என்பது அன்றாடக் கேள்வி. இந்தக் கேள்வி எழக்கூடிய இடத்துக்கே கதை வந்து நிற்கிறது. நின்றுவிட்டு, பாட்டும் புன்னகையுமாகக் கடந்து போகிறது. ஒரு அடிக்கு ஈடு செய்ய இரண்டு மணி நேரம் நியாயம் தேடும் படம், ஒரு பெண்ணின் சம்மதத்துக்கு ஒரு காட்சிகூட ஒதுக்கவில்லை.

‘நிமிர்’: இடம் மாறியபோது

மலையாள மூலத்தின் வலிமை அதன் இடத்தில் இருந்தது. மழை, சரிவான சாலை, ஒருவரையொருவர் அறிந்த கடைத்தெரு, உள்ளூர் முகங்கள் ஆகியவை சேர்ந்துதான் அந்தச் சின்னச் சண்டையை நம்பவைத்தன. 2020இல் வெளியான தெலுங்கு வடிவம் ‘உமா மகேஸ்வர உக்ர ரூபஸ்ய’ இதை உணர்ந்து, தன் மாநிலத்திலேயே அரக்குப் பள்ளத்தாக்கு என்னும் மலைப்பகுதியைத் தேர்ந்துகொண்டது.

‘நிமிர்’ தென்காசிக்குப் போனது. குற்றாலச் சாரலும் பசுமையும் கண்ணுக்கு இனியவை. அவை பின்திரையாக நிற்கின்றன. அங்கே மக்கள் எதை விளைவித்து எதை விற்றுப் பிழைக்கிறார்கள், அதில் ஸ்டூடியோவுக்கு என்ன பங்கு என்பது கதையில் கலக்கவில்லை. நாயகனின் உடை, ஒளியமைப்பு, பாடல்களின் பகட்டு எல்லாம் அவனைத் தொழிலாளியாகக் காட்டுவதைவிட நட்சத்திரமாகக் காட்டுகின்றன. அடி வாங்கும் புகைப்படக்காரன் மேல் இரக்கம் பிறக்க வேண்டுமானால், அவனுக்குக் கடை வாடகை என்று ஒன்று இருக்கிறது என்பது தெரிய வேண்டும்.

மகேந்திரனின் பாத்திரம் இதற்கு விதிவிலக்கு. குறைவாகப் பேசி, மகனின் தோல்வியை அறிந்தும் அறியாதவர் போல இருக்கும் முதிய புகைப்படக்காரராக அவர் அமைதியாக நிற்கிறார். காட்சிமொழியில் தேர்ந்த ஓர் இயக்குநரே அந்தப் பாத்திரத்தில் இருப்பது, பார்க்கக் கற்றுக்கொள் என்ற கருத்துக்குத் தனிக் கனம் தருகிறது. ஆனால் கேட்காமல் எடுத்த படம் பற்றிய கேள்வியை ‘நிமிர்’ திருத்தவில்லை. மூலத்தின் குறையை அது அப்படியே சுமந்தது, நிறையை மட்டும் இறக்கிவைத்தது.

தமிழில் எடுக்க வேண்டுமானால் இக்கதைக்கு இயல்பான ஊர் போடியே. மூலக்கதையின் மலையிலிருந்து கிழக்கே ஒரு சரிவு இறங்கினால் போதும். ஜீப்பில் ஏறும் கூலிகள், ஏல வியாபாரிகள், இரு மொழி பேசும் கடைத்தெரு, மேலே குளிரும் கீழே வெயிலும் எல்லாம் கதைக்குத் தானாகக் கிடைத்திருக்கும்.

அதே சரிவில் இன்னொரு படம்

இந்த இழப்பின் அளவை, அதே 2018 ஆகஸ்டில் வெளியான ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ காட்டுகிறது. லெனின் பாரதி இயக்கிய இப்படத்தை விஜய் சேதுபதி தயாரித்தார். இளையராஜா இசையமைத்தார். ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். மலைமேல் தோட்டங்களிலிருந்து ஏலக்காய் மூட்டைகளைச் சுமந்து இறங்கும் ரெங்கசாமி, சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கப் பாடுபடுவதே கதை. சேமிப்பெல்லாம் போட்டு வாங்கிய ஏலக்காய் மூட்டை மலைச்சரிவில் உருண்டு சிதறுகிறது. இறுதியில் நிலத்தை இழந்து காற்றாலைக்குக் காவலாளியாக உட்காருகிறான்.

இது புகைப்படக்காரரைப் பற்றிய படம் அல்ல. ஆயினும் முகங்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்ற பாடம் இதில் இருக்கிறது. நடிகரல்லாத பலர் இதில் தோன்றுகிறார்கள். கேமரா அவர்களை அழகாக்க முயலவில்லை, பரிதாபத்துக்குரியவர்களாகவும் ஆக்கவில்லை. அவரவர் நடக்கும் வேகத்தில் கூடவே நடக்கிறது. போடியில் ஸ்டூடியோ முக்காலியில் வந்து உட்காரும் வாடிக்கையாளர்கள் இவர்கள்தான். ‘மகேஷிண்டே பிரதிகாரம்’ படத்தில் வின்சென்ட் மகனுக்கு உணர்த்த நினைத்தது இத்தகைய பார்வையாகத்தான் இருக்க முடியும்.

மதிப்பீடு

‘மகேஷிண்டே பிரதிகாரம்’ தென்னிந்திய சினிமாவில் ஒரு சிற்றூர் ஸ்டூடியோக்காரரை முழு மனிதராகக் காட்டிய அரிய படம். அவருடைய தனிமையையும் மானத்தையும் தொழிலின் வழியே உணர்த்திய விதத்தில் அது நிலைத்திருக்கும். கூலிப் படத்தைத் தாழ்த்திக் கலைப் படத்தை உயர்த்தியதும், படத்தில் இருப்பவரின் சம்மதத்தைப் பொருட்படுத்தாததும் அதன் குறைகள். ‘நிமிர்’ கதையைக் கொண்டுவந்தது, அந்தக் கதைக்குத் தேவையான ஊரைக் கொண்டுவரவில்லை.

இவ்விரு படங்களையும் பார்க்கும் மாணவர்கள், குறிப்பாகக் கேமராவைத் தொழிலாகக் கொள்ள விரும்புவோர், ஜிம்சி ஸ்டூடியோவில் உட்கார்ந்திருக்கும் காட்சியை மறுபடி பார்ப்பது நல்லது. மகேஷின் பிழை கழுத்தை ஏற்றி இறக்கச் சொன்னதில் இல்லை. எதற்காக இந்தப் படம், எப்படித் தெரிய விரும்புகிறீர்கள் என்று அவளை அவன் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அதே நான்கு சுவருக்குள் நல்ல படம் கிடைத்திருக்கலாம். பிறகு வெளியே போய் மறைந்து நின்று எடுக்க வேண்டிய தேவையும் இருந்திருக்காது.